குழலுக்குள் குங்குமம்

“அம்மா, அண்ணனை இப்பவே வீட்டுக்கு வரச் சொல்லு.”

அயிலை மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை சட்டிக்குள் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் அப்பா, அண்ணனையும் அங்கேயே தற்காலிகமாகச் சேர்த்துவிடப் பார்த்தார். “உங்க தொடப்பத்தை என் கையில குடுக்காதீங்க” என்று அண்ணன் அப்பாவின் கூட்டாளிகள் எதிரிலேயே சொன்னான். அப்பா அறைந்தார். மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் அவன் போனான். ஜிதின் என்ற பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது, அவனைக் கூப்பிடு என்று யாரும் கேட்கக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டு மூன்று வருடம் ஆகிறது.

நானும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக, பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்காருகிறவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணனுக்குப் பிடரியில் ஒரு சுழி உண்டு. மட்டாஞ்சேரியில் ஏறி, வைட்டிலாவில் மாறி, இடப்பள்ளி தாண்டி விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ பிடரிகள். சுழி ஒன்றில்கூட இல்லை.

“அவன் எங்க இருக்கான்னு எனக்கு எப்படி மோளே தெரியும்?” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

“தெரியும். நானும் அப்பாவும் ஜோலிக்குப் போன பின்னாடி அவன் இங்க வர்றான். நீ அவனுக்குக் கைவேலை செஞ்சு குடுக்கற.”

“உன்கிட்ட யாரு சொன்னா?”

“நீதான் சொன்ன.”

போனை எடுத்துப் படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். எஃகுக் குழல் ஒன்றின் உட்புறம். விளிம்பிலிருந்து விரல் நுழையும் ஆழத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அதைச் சுற்றி, காய்ந்த சந்தனத்தின் மஞ்சள் வளையம்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது.

“சந்தனம் உணங்கறதுக்கு முன்னாடி துணியில பொதிஞ்சுட்டான். ஓரம் கலைஞ்சிருக்கு பாரு.”

பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

*

அந்தப் படத்தை எடுத்தது இன்று காலையில், ஹேங்கரில்.

நான் விமானப் பராமரிப்பு படித்தவள். அம்மா சுப்பம்மாளின் வம்சத்திலும் அப்பா அய்யாசாமியின் வம்சத்திலும் கல்லூரிக்குள் போன முதல் ஆள். தீவுகளுக்குப் போய்வரும் சின்ன விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் டெக்னீஷியன். எங்கள் விமானத்தில் சுற்றுலாக்காரர்கள் குறைவு. டயாலிசிஸுக்கு வருகிறவர்கள், நிறைமாதப் பெண்கள், ஸ்ட்ரெச்சரோடு ஏற்றப்படும் கிழவர்கள்தான் அதிகம்.

அதில் ஒரு விமானம் ஜாக்கியில் நிற்கிறது. சக்கரக் காலை விமானத்தின் உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் பின்னை, ஓர் எஃகு ஆணியை, மாற்ற வேண்டும். முழங்கை நீளம், உள்ளே குழல். விமானம் தரையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அடி முழுவதையும் வாங்குவது அந்தப் பின்தான். இத்தனை இறக்கத்துக்குமேல் அது உழைக்கக்கூடாது என்று கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டாக அறுத்துத்தான் பழைய இரும்போடு ஆக்கரிக்குப் போடவேண்டும். ஏன் அறுக்கவேண்டும்? அறுக்காவிட்டால் திரும்பி வரும். வெளியே தெரியாத வெடிப்போடு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

புதுப் பின் சீல் பிரிக்காத பொதியில் இன்று வந்தது. டீலர் கொடுத்த தாள்களில் ஒரு குறையும் இல்லை. எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. கிரீஸ் வைப்பதற்கு முன் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். அடித்தேன்.

டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி அடித்தேன், அந்தச் சிவப்புப் பொட்டு அங்கேயேதான் இருந்தது.

அண்ணன் மட்டாஞ்சேரி ஜூ டவுன் பழம்பொருள் கடைகளுக்கு மெருகு போடுகிறவன். கல்லூரிக்குப் போகவில்லை, ஆனால் எந்த உலோகமும் அவன் கைக்குப் பேசும். புதுப் பித்தளையைப் பழசாக்குவான், பழசைப் புதிதாக்குவான். முடித்த சாமான் வீட்டை விட்டுப் போகும்போது அம்மா அதற்குச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பாள். “வெறும் நெத்தியோட ஒண்ணையும் வெளிய அனுப்பக்கூடாது” என்பாள். குத்துவிளக்கானாலும் கப்பல் மணியானாலும் பொட்டு உண்டு. முகத்தில் வைத்தால் கடைக்காரர்கள் கத்துவார்கள் என்பதால் அடியிலோ உள்ளேயோ, வெளிச்சம் படாத இடத்தில் வைப்பாள். கடையில் வாங்கின குங்குமம் அல்ல, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து அவளே அரைப்பது. கொஞ்சம் செங்கல் நிறம் கலந்திருக்கும். அந்த நிறத்தை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் என் நெற்றியில் இருந்த நிறம்.

பின்னைச் சிவப்புக் கூண்டில் வைத்துப் பூட்டினேன். சந்தேகமான பாகங்களுக்கான கூண்டு அது.

சீனியர் என்ஜினியர் விஸ்வநாத் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பாலக்காட்டுக்காரர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

“என்னவாக்கும் பிரச்சினை?”

“இது புதுசு இல்ல சார்.”

“தாள் எல்லாம் சரியா இருக்கே. உள்ள இருக்கறது பிரைமராக்கும். சிவப்பா இருந்தா உடனே பயந்துடறதா?”

“பிரைமர் இல்ல சார்.”

“பின்ன என்ன?”

கூண்டின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அதற்குள் அம்மா இருந்தாள்.

“காரணம் இருந்தா எழுதிக் குடு, நிறுத்தறேன். மனசுக்குத் தோணறதுன்னு எழுதினேன்னா நாலு பேர் சிரிப்பா. சாயங்காலத்துக்குள்ள சொல்லு. நாளைக்குக் காலம்பற இது பறக்கணும்.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வைட்டிலாவில் பஸ் மாறும்போது, கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்று ஒரு போன் செய்தேன். பிறகு மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஏறினேன். இந்தத் தடவை ஒருவன் பிடரியையும் பார்க்கவில்லை.

*

அம்மா போன் செய்த நம்பர் ‘லோகாம்பாள்’ என்ற பெயரில் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். கோபத்தோடுதான். பக்கத்துத் தெரு லோகாம்பாள் அக்காவோடு அம்மா மணிக்கணக்கில் பேசுவாள். சோறு தின்னியா, சளி போச்சா என்று கேட்பாள். அப்பா ஒரு பக்கம் டிவி பார்ப்பார், நான் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருப்பேன். எங்கள் நடுவிலேயே அண்ணன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

“எத்தனை நாளா?”

“வீட்டை விட்டுப் போன அதே மாசத்துலயே அவன் வந்துட்டான் மோளே. பசி தாங்க மாட்டான்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீ உங்கப்பா மாதிரி. நேரா மூஞ்சிக்குக் கேட்டா மறைக்கத் தெரியாது.”

அது சரிதான். ஆனால் மூன்று வருடம். அவன் விட்டுப்போன நீலச் சட்டையை நான் துவைத்துத் துவைத்து மடித்து வைத்த மூன்று வருடம். இந்தத் தரையில் அவன் உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிருக்கிறான். எழுந்து போன இடத்தை அம்மா துடைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் இருக்க. ஏங்குகிற வேலையை மட்டும் எனக்கு விட்டுவிட்டு இவர்கள் இருவரும் வாழ்ந்திருக்கிறார்கள்.

சாயா போட்டு, அது ஆறுவதற்குள் அவன் வந்துவிட்டான். அத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறான்.

இளைத்திருந்தான். விரல் நுனியெல்லாம் ஆசிட் பட்டுத் தோல் உரிந்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றான். திரும்பி ஓடிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

“எடி ஷைலு. ஆபீசர் ஆயிட்டன்னு அம்மா சொன்னா. கழுத்துல கார்டு எல்லாம் தொங்குது.”

“டெக்னீஷியன்.”

“எனக்கு ஆபீசர்தான்.”

சின்ன வயதில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகுத்துறையில் நிற்பான். வெலிங்டன் தீவுப் பக்கமிருந்து கடற்படை விமானங்கள் தாழ்வாக ஏறும். ‘ஒரு நாள் நீ அதுல ஏறிப் போகணும்’ என்பான். எனக்கு ஏறவேண்டாம், திறந்து பார்க்கணும் என்பேன். அந்தத் தோள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாய்ந்துகொள்ளலாம். சாய்ந்தால் அதற்குப் பிறகு என்னால் எதையும் கேட்க முடியாது.

போனை நீட்டினேன்.

“இது எங்கிருந்து வந்தது அண்ணா?”

பார்த்தான். முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

“ரமேஷ்பாபு குடுத்தது. பஜார் ரோட்டுக்குப் பின்னால குடோன் வெச்சிருக்கான். ஏரோப்ளேன் சாமான்ல மேசைவிளக்கு செய்யறாங்களாம், பெரிய ஹோட்டல்ல வைப்பாங்களாம். நானும் ஷோபீஸுன்னுதான் செஞ்சேன்.”

“அதுல இருந்த பழைய நம்பரை யாரு அரம் போட்டு ராவினது?”

“நான்தான். அவன் ராவச் சொன்னான்.”

“மேசைவிளக்குல நம்பர் இருந்தா யாருக்கு என்ன?”

அண்ணன் சாயா டம்ளரைக் கையில் சுழற்றினான். குடிக்கவில்லை.

“அப்பவே ஒரு மாதிரி தோணிச்சு,” என்றான். “பின்னெ ஒருத்தன் வந்தான். ஒவ்வொண்ணையும் கருவி வெச்சு நூலளவுக்கு அளந்து பார்த்தான். விளக்குக் காலுக்கு எவன் அப்படி அளப்பான்?”

“தெரிஞ்சும் செஞ்ச.”

“தெரியல. தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தேன். நான் போட்ட மெருகுல நல்லதா ஒண்ணு அமைஞ்சது அதுதாண்டி. கண்ணாடி மாதிரி வந்தது.”

“ஆசிட்ல முக்கினியா?”

“முக்காம துரு எப்படிப் போகும்?”

அவனிடம் சொன்னேன். கோபத்தை அடக்கிக்கொண்டு, சின்ன வயதில் அவன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே பொறுமையோடு சொன்னேன். அவ்வளவு உரமான எஃகை ஆசிட்டில் ஊறவைத்தால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். வெளியே கண்ணாடி, உள்ளே வறட்டு முறுக்கு. அதுவும் ஏற்கெனவே உழைத்து ஓய்ந்த எஃகு. விமானம் இறங்கும்போது ஒடியும். ஒடிந்தால் கால் மடங்கும், இறக்கை தரையில் உரசும். இறக்கைக்குள் இருப்பது எரிபொருள்.

“அந்த இறக்கைக்குப் பக்கத்து சீட்டுல போன வாரம் ஒரு பொண்ணு வந்தா. ஒன்பது மாசம். பயந்து பேடிச்சுப் போய் என் கையைப் பிடிச்சுட்டே இறங்கினா.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் உரிந்த விரலால் டம்ளர் விளிம்பைத் தேய்த்தான். “உன் இடத்துக்கு வரும்னு நான் நினைக்கவே இல்ல ஷைலு,” என்றான்.

“வேற இடத்துக்குப் போனா பரவாயில்லையா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“இது ஒண்ணுதானா?”

“ஒரு சாக்கு நிறைய,” என்றான், தரையைப் பார்த்து. “ஓணத்துக்கு முன்னாடி இன்னொரு சாக்கு. அதெல்லாம் எங்க போச்சுன்னு ரமேஷ்பாபுவுக்குத்தான் தெரியும்.”

*

வாசலில் நிழல் விழுந்தது. அப்பா.

வேலை முடிந்து வழக்கமாக வரும் நேரம் இல்லை. கையில் ஒரு பொட்டலம் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்றான். அம்மா கதவோரம் பாதி முகம் தெரிய நின்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பொட்டலத்தை அண்ணன் முன்னால் வைத்தார்.

“ஆறிப் போறதுக்குள்ள தின்னு.”

“உங்களுக்கு...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“லோகாம்பாள் போன வருஷமே செத்துப் போயிட்டா,” என்றார் அப்பா. “சாவுக்கு நானும்தான் போயிருந்தேன். பின்னெ தினம் உனக்குப் போன் பண்றது யாரு, அவ ஆவியா?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காலையில் போய் இருட்டிய பிறகு வரும் எனக்கு அந்தச் சாவே தெரியாது. அவரே தொடர்ந்தார்.

“உச்சைக்கு ஜோலி முடிஞ்சா கப்பலண்டிமுக்குல சாயாக்கடையில உக்காந்துக்குவேன். இவன் வீட்டை விட்டுப் போறது அங்கிருந்து தெரியும். போன பின்னாடி வருவேன். நான் வந்தா இவன் வராம இருந்துடுவான்ல. இன்னிக்கு இவளும் பாதி நாள்லயே வந்து உள்ள இருக்கறதைப் பார்த்தேன், வந்துட்டேன்.”

அண்ணன் பழம்பொரியை எடுத்தான். தின்னவில்லை, பிடித்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் பஸ்காரர்களின் பிடரி.

நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அயிலைக் கறியும் கப்பைக் கிழங்கும். அண்ணன் முள்ளை எடுத்து என் தட்டின் ஓரத்தில் மீன் சதையை வைத்தான், பழைய ஞாபகத்தில். நான் தின்றேன். ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. இப்படி ஒரு சாப்பாடு மறுபடி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.

கை கழுவும்போது அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா வந்து என் எதிரே நின்றார்.

“மோளே. அந்தச் சாதனத்தைப் பூட்டி வெச்சுட்டல்ல?”

“வெச்சுட்டேன்.”

“அப்ப மதி, அது போதும். அதை வேண்டாம்னு தூக்கி எறியச் சொல்லு. யாரு செஞ்சாங்கன்னு எதுக்குச் சொல்லணும்?”

“காரணம் சொல்லலேன்னா அதைத்தான் மாட்டுவாங்க அப்பா. சொன்னாதான் நிறுத்துவாங்க. நிறுத்தறதுக்கு என்கிட்ட இருக்கற ஒரே காரணம் அந்தக் குங்குமம்.”

“இப்பத்தாண்டி உள்ள வந்திருக்கான்.” அப்பாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. தெருவையே கூட்டி அள்ளும்போதுகூட யார் முன்னாலும் இறங்காத குரல். “இப்பத்தான் வந்திருக்கான். நீயும் வெளிய அனுப்பிடாத.”

“நீ சொல்ல மாட்டேல்ல ஷைலு?” என்றான் அண்ணன்.

“சொல்லியாச்சு அண்ணா.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“வைட்டிலாவிலிருந்து விஸ்வநாத் சாருக்குப் போன் பண்ணினேன். பிரைமர் இல்ல சார், எங்கம்மா வெச்ச குங்குமம்னு சொன்னேன். அந்த மனுஷன் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். பின்னெ, ‘ப்ளேன் நகராது, ஆனா விமானப் பாதுகாப்பு அதிகாரிங்க சாயங்காலம் வருவா, நீயே உன் வாயால சொல்லணும்’னு சொன்னார்.”

“பின்னெ எதுக்குடி என்னை வரச் சொன்ன?” அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பார்க்கணும்னு இருந்தது.”

பிறகு மீதியையும் சொன்னேன்.

“ரெண்டு சாக்கும் எங்கெங்க போச்சுன்னு கண்டுபிடிக்கணும். குடோன் எது, அளந்தவன் யாரு, எந்தெந்தச் சாமான், எல்லாம் உனக்குத் தெரியும். நீ என்கூட வந்து சொன்னா வேற. உன்னைத் தேடி வந்து கூட்டிட்டுப் போனா வேற. நான் நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“என்னை உள்ள போட்டாங்கன்னா?”

“போடலாம். போட மாட்டாங்கன்னு நான் பொய் சொல்லல.”

அம்மா சாமி அலமாரியிலிருந்து எவர்சில்வர் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். மூடியைத் திருகி இறுக்கி என் பைக்குள் போட்டாள்.

“இதோட வெச்சுப் பார்த்தாத்தானே நம்புவாங்க?”

“ஆமாம்மா.”

“என் கையும் அதுல இருக்கு, இல்லையா?”

“இருக்கு.”

அவள் தலையாட்டினாள். பிறகு விரல் நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்தாள். “வெறும் நெத்தியோட போகாத” என்றாள், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

அப்பா வழியை மறிக்கவில்லை. விலகவும் இல்லை. நான்தான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் செருப்பை மாட்டினேன்.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. கட்டிலின்மேல் திரை வெளிச்சத்தோடு துடித்தது. ரமேஷ்பாபு.

அண்ணன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடு என்றோ எடுக்காதே என்றோ நான் சொல்லவேண்டும் என்று அந்தக் கண் கேட்டது. சின்ன வயதில் நான் அவனை அப்படித்தான் பார்ப்பேன்.

சொல்லவில்லை. வாசலைத் தாண்டி இறங்கினேன்.

தெருமுனை வரை அந்த மணிச்சத்தம் என் பின்னாலேயே வந்தது. முனை திரும்பும்போது சட்டென்று நின்றது. எடுத்தானா, வெட்டினானா தெரியாது. நான் நடையைக் குறைக்கவில்லை.